மாடி வீட்டுக்கு மட்டும் ஏன் இல்லை?

(தில்லியில் குடிசை, ஃபிளாட், வாடகை, இரவுத் தங்குமிடம் குறித்த வாசகர் கேள்விகளுக்கு, அங்கே அரசு அலுவலகம் ஒன்றின் குடிசைப் பிரிவில் எழுத்தராகப் பணியாற்றி ஓய்வுபெற்ற நம் பத்தியாளர் பதில் சொல்கிறார்.)

கேள்வி: அம்மா, நாங்கள் பாராபுல்லா நாலா என்ற பெரிய வடிகாலின் கரையில் மதராசி கேம்ப் குடிசைப் பகுதியில் இருந்தவர்கள். சொந்த ஊர் கள்ளக்குறிச்சிப் பக்கம். நான் ஜங்புராவில் வீட்டு வேலை செய்கிறேன். கீழே நானும் என் வீட்டுக்காரரும் இருந்தோம்; மாடியில் மகன், மருமகள், இரண்டு பேரப்பிள்ளைகள். எங்களுக்குத் தில்லியின் வடகோடியில் உள்ள நரேலாவில் ஃபிளாட் என்று சொல்லிவிட்டார்கள். மகன் பெயர் தகுதியில்லாதவர் பட்டியலில் இருக்கிறது. ஒரே சுவர், ஒரே கூரை. எங்களைப் பிரித்தது எந்த ஊர் நியாயம்? நரேலாவுக்குப் போவதா, இங்கேயே வாடகைக்கு இருந்துவிடுவதா என்றும் தெரியவில்லை.
— ஒரு வாசகி, சன்லைட் காலனி

பதில்: நியாயத்தைப் பிறகு பேசுவோம் அம்மா. மகனுக்கு வழி இருக்கிறதா என்று முதலில் பார்ப்போம்.

உங்கள் கேம்ப் 2025 ஜூன் 1 அன்று உயர் நீதிமன்ற ஆணைப்படி இடிக்கப்பட்டது. மழைக்காலத்துக்கு முன் நாலாவைத் தூர்வார வேண்டும் என்பது காரணம். 370 குடும்பங்களில் 189 குடும்பங்களுக்குத்தான் ஃபிளாட் என்று அப்போது கணக்கு சொன்னார்கள். இந்தத் தகுதிக் கணக்கு 2015ஆம் ஆண்டு தில்லிக் குடிசை மறுவாழ்வுக் கொள்கையின்படி போடப்படுவது. குடியிருப்பு 2006 ஜனவரி 1க்கு முன்பே இருந்திருக்க வேண்டும். அதற்குள் இருக்கும் உங்கள் ஜுக்கி, அதாவது குடிசை, 2015 ஜனவரி 1க்கு முன் கட்டப்பட்டிருக்க வேண்டும். 2012 முதல் 2015 வரையிலான வாக்காளர் பட்டியல்களில் ஏதேனும் ஒன்றில் பெயர் இருக்க வேண்டும். கணக்கெடுத்த ஆண்டின் பட்டியலிலும் இருக்க வேண்டும். இவை போக ரேஷன் கார்டு, மின் கட்டண ரசீது, வங்கிப் பாஸ்புத்தகம் போன்ற சான்றுகளில் ஒன்று.

மாடியில் இருப்பவருக்கு இவற்றோடு இன்னொரு நிபந்தனையும் உண்டு. அவர் பெயரில் தனி ரேஷன் கார்டு, அதுவும் 2015க்கு முன் வாங்கியது, இருக்க வேண்டும். உங்கள் மகன் அநேகமாக இங்கேதான் சிக்கியிருப்பார். கல்யாணமாகி மருமகள் வந்ததும் அவள் பெயரை உங்கள் கார்டிலேயே சேர்த்திருப்பீர்கள். எல்லாரும் அப்படித்தான் செய்தார்கள். மாமியார் கார்டில் பெயர் சேர்ப்பது சுலபம், தனிக் கார்டு வாங்குவது அலைச்சல். அரிசி, கோதுமைக்கென்று வாங்கிய கார்டு இருபது வருடம் கழித்து வீட்டுப் பத்திரமாக மாறும் என்று அன்றைக்கு யார் கண்டார்கள்? உணவுத் துறை அட்டையை அச்சடிக்கும்போது சொல்லவில்லை. வீட்டுத் துறை விதி எழுதும்போது உணவுத் துறையைக் கேட்டதாகவும் தெரியவில்லை.

மகன் பெயரில் பழைய தனிக் கார்டு இருந்தால் வழக்கு உயிரோடிருக்கிறது. பெட்டியைக் குடைந்து பாருங்கள். பெயர்க் குழப்பத்தால் தள்ளியிருந்தாலும் சரிசெய்யலாம். நம் ஆட்களின் பெயர்கள் இந்தி வாக்காளர் பட்டியலில் படும் பாட்டை நான் வருடக்கணக்கில் பார்த்திருக்கிறேன். முருகேசன் ஒரு பட்டியலில் ‘முர்கேஷ்’, அடுத்த பட்டியலில் ‘முகேஷ்’. நாம் முன்னெழுத்தாகப் போடும் அப்பா பெயர் அங்கே குடும்பப் பெயராகி, அண்ணாமலை மகன் முருகேசன் ‘முகேஷ் அன்னா’ என்று நிற்பான். ரேஷன் கார்டில் முருகேசன், பட்டியலில் முகேஷ் என்றால் எழுத்தர் இரண்டு ஆள் என்று முடிவு கட்டிவிடுவார். அவர் மேஜையில் அன்றைக்கு நூறு கோப்பு இருக்கும். பழைய பட்டியலின் சான்றிட்ட நகலை வாக்காளர் பதிவு அலுவலகத்தில் கேட்டு வாங்குங்கள். இரண்டு பெயரும் ஒருவரே என்று நோட்டரி முன் பிரமாணப் பத்திரம் போடுங்கள். ‘தகுதியில்லை’ என்று வாயால் சொன்னதை ஏற்காதீர்கள். காரணத்தோடு எழுத்தில் கேளுங்கள். அந்தக் காகிதம் இருந்தால்தான் மேல்முறையீடு செய்ய முடியும். மேல்முறையீட்டுக்கு அந்தக் கொள்கையிலேயே இடம் இருக்கிறது. வக்கீலுக்குப் பணம் வேண்டாம். பெண்களுக்கு, வருமானம் எவ்வளவு இருந்தாலும், இலவச சட்ட உதவி பெறச் சட்டமே உரிமை தந்திருக்கிறது. 15100 என்ற எண்ணில் கேளுங்கள். மனுவை மருமகள் பெயரில் போடச் சொல்லுங்கள்.

மகனிடம் தனிக் கார்டு இருந்ததே இல்லையென்றால், பொய் நம்பிக்கை தர மாட்டேன். கதவு ஏறக்குறைய மூடிவிட்டது.

நரேலாவுக்குப் போவதா என்றால், ஃபிளாட்டை விடாதீர்கள் என்பேன். கணவன் மனைவி இருவர் பெயரிலும் கூட்டாக ஒதுக்குவது அந்தக் கொள்கையின் விதி. உங்கள் பெயர் கட்டாயம் இருக்கிறதா என்று பாருங்கள். ‘வீட்டுக்காரர் பெயர் போதும்’ என்று எந்தப் பெரிய மனிதர் சொன்னாலும் கேட்காதீர்கள். நீங்கள் கட்ட வேண்டியது 1,12,000 ரூபாய் பங்குத்தொகை, பராமரிப்புக்கு 30,000 ரூபாய். முதல் பத்து ஆண்டுகள் குத்தகை உரிமை மட்டுமே. வாடகைக்கு விடவோ விற்கவோ கூடாது.

ஆனால் உங்கள் தயக்கம் எனக்குப் புரிகிறது. மறுவாழ்வு இடம் பழைய இடத்திலோ, ஐந்து கிலோமீட்டருக்குள்ளோ இருக்க வேண்டும் என்றுதான் அதே கொள்கை சொல்கிறது. விதிவிலக்கான சூழலில் தில்லிக் குடிசை வாரியத்தின் ஒப்புதலோடு அதைத் தாண்டலாம் என்று கூடவே ஒரு வரியும் இருக்கிறது. அந்த ஒரு வரியின் வழியாகத்தான் ஜங்புராவிலிருந்து சுமார் நாற்பது கிலோமீட்டர் போய்விடுகிறார்கள். நரேலாவுக்கு மெட்ரோ நீட்டிப்பு 2024 டிசம்பரில்தான் ஒப்புதல் பெற்றது. ரயில் நிலையம் இருக்கிறது. பெண்களுக்கு அரசு பஸ்ஸில் கட்டணம் இல்லை. காசு மிச்சம்தான். ஆனால் காலை ஏழு மணிக்கு ஜங்புராவில் பாத்திரம் துலக்க நிற்க வேண்டியவள் நரேலாவில் எத்தனை மணிக்கு எழுந்திருப்பாள்? மருமகள் நான்கு வீட்டு வேலையை விட்டால் அங்கே நான்கு வீடு கிடைக்குமா? எந்த அதிகாரியும் இந்தக் கணக்கைக் கோப்பில் எழுதுவதில்லை, ஏனென்றால் இது எந்தத் துறையின் வேலையும் அல்ல.

பிள்ளைகள் படிப்பும் அப்படித்தான். நரேலாப் பக்கம் அரசுப் பள்ளியில் இடம் கொடுத்துவிடுவார்கள், அது சரி. ஆனால் தில்லித் தமிழ்க் கல்விக் கழகத்தின் ஏழு பள்ளிகளில் ஒன்றுகூட அந்தத் திசையில் இல்லை. லோதி எஸ்டேட் பள்ளியில் தமிழ் படித்த பிள்ளைக்கு அங்கே தமிழ் கிடையாது. பேரப்பிள்ளைகள் மகனோடு சன்லைட் காலனியிலேயே இருந்தால் பள்ளியை மாற்ற வேண்டாம். நீங்களும் வீட்டுக்காரரும் ஃபிளாட்டில் குடியேறி, வாரத்தில் சில நாள் மகன் வீட்டில் தங்கி வேலைக்குப் போகலாம். பல குடும்பங்கள் இப்படித்தான் இரண்டாகப் பிரிந்து சமாளிக்கின்றன. நல்ல ஏற்பாடு என்று சொல்லவில்லை, நடக்கிற ஏற்பாடு. ரேஷனுக்குக் கவலை வேண்டாம். 2021 ஜூலையிலிருந்து தில்லியில் கைரேகை வைத்து எந்தக் கடையிலும் வாங்கலாம்.

கேள்வி: தில்லியில் ஏழைகளின் வீட்டுக்கு யார்தான் பொறுப்பு? மத்திய அரசா, தில்லி அரசா, மாநகராட்சியா? எங்கள் பேராசிரியரைக் கேட்டால் அவரே தலையைச் சொறிகிறார்.
— கல்லூரி மாணவர், திரிலோக்புரி

பதில்: பாவம், அவரைக் குற்றம் சொல்லாதீர்கள். அறுபத்தொன்பதாவது அரசியல் சட்டத் திருத்தம் 1991இல் தில்லிக்குச் சட்டமன்றம் தந்தது. ஆனால் நிலம், காவல், பொது ஒழுங்கு மூன்றையும் மத்திய அரசே வைத்துக்கொண்டது. நிலத்தின் பெரும் பகுதி 1957இல் உண்டான டி.டி.ஏ. என்ற தில்லி வளர்ச்சி ஆணையத்தின் கையில். அதன் தலைவர் துணைநிலை ஆளுநர். குடிசைப் பிரிவு டி.டி.ஏ.வுக்கும் மாநகராட்சிக்கும் இடையே பலமுறை கைமாறிவிட்டு, 2010இல் டூசிப் என்ற குடிசை வாரியமாகத் தில்லி அரசிடம் வந்து சேர்ந்தது. இதற்குத் தலைவர் முதலமைச்சர். மாநகராட்சியோ 2012இல் மூன்றாக உடைந்து 2022இல் மறுபடி ஒன்றானது. இவை போக ரயில்வே, கண்டோன்மென்ட், புதுதில்லி நகராட்சி என்று தனித்தனி நிலக்கிழார்கள். கல்யாணப் பந்தியில் இலை போட ஒருவர், சோறு பரிமாற ஒருவர், குழம்புக்கு ஒருவர் என்று வைத்துவிட்டு, சமையலறைச் சாவியைச் சம்பந்தி வீட்டார் இடுப்பில் செருகிக்கொண்டால் என்ன நடக்கும்? அதுதான் இங்கே நடக்கிறது.

ஆகவே உங்கள் கேள்விக்குப் பதில், ‘குடிசை யார் நிலத்தில் நிற்கிறது?’ என்ற எதிர்க்கேள்வி. டி.டி.ஏ. நிலமென்றால் அவர்கள். மாநகராட்சி நிலமோ தில்லி அரசு நிலமோ என்றால் டூசிப். ரயில்வே நிலமென்றால் ரயில்வே தானே செய்யலாம், அல்லது டூசிப்பிடம் ஒப்படைக்கலாம். குடிசைக்காரருக்கு இது தெரிய வழியில்லை. இடிக்க வரும் நாளில்தான் எந்தத் துறையின் ஜே.சி.பி. என்று பார்த்துத் தெரிந்துகொள்வார். 2015 டிசம்பரில் ஷகூர் பஸ்தியில் ரயில்வே நிலத்துக் குடிசைகள் குளிரில் இடிக்கப்பட்டன. அதைத் தொடர்ந்த அஜய் மாக்கன் வழக்கில் தில்லி உயர் நீதிமன்றம் 2019 மார்ச்சில் தீர்ப்புச் சொன்னது. மத்திய அரசு நிலமோ மாநில அரசு நிலமோ, முதலில் கணக்கெடு, மக்களைக் கலந்து பேசு, மறுவாழ்வுக்கு ஏற்பாடு செய், அதன் பிறகுதான் அப்புறப்படுத்துவது என்பது அதன் சாரம். நல்ல தீர்ப்பு. உங்கள் பேராசிரியர் வகுப்பில் நடத்தலாம்.

ஒருங்கிணைப்பு இல்லாததன் விலையைப் பார்க்க வேண்டுமானால் ஒரு ஞாயிற்றுக்கிழமை பவானாவுக்கோ பாப்ரோலாவுக்கோ போய்வாருங்கள். 2005இல் தொடங்கிய ஜவாஹர்லால் நேரு நகர்ப்புறத் திட்டத்தில், மத்திய அரசுப் பணமும் தில்லி அரசுப் பணமும் போட்டுக் கட்டிய ஃபிளாட்டுகள். பல ஆயிரம் வீடுகள் பத்தாண்டுக்கும் மேலாக ஆளில்லாமல் நின்றன. நான் பார்த்த ஒரு கட்டடத்தில் மாடிப்படி வரை நாணல் முளைத்திருந்தது. ஜன்னல் கம்பிகளை அறுத்துப் போயிருந்தார்கள். கழிவறைப் பீங்கானைக்கூடப் பெயர்த்துவிட்டார்கள். சிமெண்டில் அதன் வடிவம் மட்டும் பள்ளமாக இருந்தது. வீடு கட்டியவர் ஒருவர், யாருக்குத் தகுதி என்று முடிவு செய்பவர் வேறொருவர், குடிசை நிற்கும் நிலத்துக்காரர் தன் பங்குத்தொகையைக் கட்ட வேண்டியவர். மூவரில் ஒருவர் அசையாவிட்டாலும் சாவி கைமாறாது. 2020இல் மத்திய அரசு இப்படிக் காலியாகக் கிடப்பவற்றை வாடகை வீடுகளாக்கலாம் என்று ஒரு திட்டம் கொண்டுவந்தது. குடிசைவாசிகளுக்குக் கட்டியதை ஏன் வாடகைக்கு விட வேண்டும் என்று அடுத்த இழுபறி.

கால்காஜியில் மட்டும் வேறு கதை. பூமிஹீன் கேம்ப் பக்கத்திலேயே 3,024 ஃபிளாட்டுகள் கட்டி 2022 நவம்பரில் சாவி கொடுத்தார்கள். நிலமும் டி.டி.ஏ., கட்டியதும் டி.டி.ஏ. கோப்பு வேறு கட்டடத்துக்குப் போக வேண்டியிருக்கவில்லை. அங்கேயும் தகுதி கிடைக்காதவர்களின் குடிசைகளை 2025 ஜூனில் இடித்தார்கள் என்பதையும் சேர்த்து எழுதிக்கொள்ளுங்கள்.

கேள்வி: ராமகிருஷ்ணபுரத்தில் மலை மந்திர் பக்கத்து நடைபாதையில் எழுபது வயதுத் தமிழர் ஒருவர் படுத்துக்கிடக்கிறார். தஞ்சாவூர்ப் பக்கம், சமையல் வேலை பார்த்தவராம். கோவிலுக்கு வருகிறவர்கள் சாப்பாடு கொடுத்துவிடுகிறோம். ஆனால் குளிர் ஏறிக்கொண்டே போகிறது. போலீஸுக்குச் சொன்னால் ஏதேனும் இடத்தில் சேர்ப்பார்களா, மாமி?
— ஒரு குடும்பத்தலைவி, முனிர்கா

பதில்: போலீஸ் வேண்டாம். முன்பெல்லாம் பிச்சை எடுப்பது தில்லியில் குற்றம். வண்டியில் ஏற்றிக்கொண்டு போய்விடுவார்கள். 2018 ஆகஸ்டில் உயர் நீதிமன்றம் அந்தப் பிரிவுகளை ரத்து செய்துவிட்டது. அவர் குற்றவாளி அல்ல, வீடில்லாதவர்.

வீடில்லாதவர்களுக்கு டூசிப் நடத்துவது ரைன் பசேரா எனப்படும் இரவுத் தங்குமிடம். காசு கிடையாது, ஆதார் கட்டாயம் கிடையாது. நவம்பர் 15 முதல் மார்ச் 15 வரை குளிர்காலத் திட்டம் ஓடும். கூடுதல் கூடாரங்கள் போடுவார்கள். இரவில் வண்டியில் சுற்றி ஆட்களை அழைத்துப்போகும் மீட்புக் குழுவும் உண்டு. ‘ரைன் பசேரா’ கைபேசிச் செயலியில் இடத்தைக் குறித்துப் படம் அனுப்பினால் வருவார்கள். ஆனால் நான் சொல்வதைக் கேளுங்கள்: நீங்களோ உங்கள் வீட்டுக்காரரோ கூடப் போங்கள். வருகிற இளைஞர்கள் இந்தியில் ‘பாபா, சலோ’ என்பார்கள். பெரியவர் பயந்துகொண்டு ‘வரமாட்டேன்’ என்பார். ‘மறுத்துவிட்டார்’ என்று எழுதிக்கொண்டு போய்விடுவார்கள். தமிழில் ஒருவர் பேசினால் பாதி வேலை முடிந்தது.

அவர் ஏன் போகாமல் இருக்கிறார் என்றும் கேளுங்கள். தங்குமிடம் தெரியாமல் இருப்பவர்கள் குறைவு. தெரிந்தும் போகாதவர்கள்தான் அதிகம். பெரிய கூடம், தரையில் வரிசையாக மெத்தை, ஒரே மாதிரி கம்பளி. தலைமாட்டில் வைத்த செருப்பு காலையில் இருக்காது. சமையல்காரர் என்கிறீர்களே, அவரிடம் கரண்டி, அரிவாள்மனை என்று ஒரு மூட்டை இருக்குமே? அதை எங்கே வைப்பது என்பதுதான் அவர் கவலையாக இருக்கலாம். மூட்டையை உங்கள் வீட்டில் பூட்டி வைத்துக்கொள்கிறேன் என்று சொல்லிப்பாருங்கள், கிளம்பினாலும் கிளம்புவார்.

தங்குமிடம் என்பது படுக்கை மட்டும். மற்றதெல்லாம் வேறு வேறு கதவு. முதியோர் உதவித்தொகையும் முதியோர் இல்லமும் சமூக நலத் துறை. மனநிலை சரியில்லை என்று தோன்றினால் தில்ஷாத் கார்டனில் உள்ள இஹ்பாஸ் மருத்துவமனை. அவர்கள் ஜாமா மசூதிப் பக்கத்தில் வீடற்றவர்களுக்கென்றே சிகிச்சை நடத்தியவர்கள். உதவித்தொகை கேட்டால் முகவரிச் சான்று என்பார்கள். நடைபாதைக்கு ஏது முகவரி? இந்த விஷயத்தில் தேர்தல் ஆணையம்தான் புத்திசாலி. வீடில்லாதவர் வாக்காளராகப் படிவம் 6இல் தான் படுக்கும் இடத்தை எழுதினால் போதும். வாக்குச்சாவடி அலுவலர் ஒன்றுக்கு மேற்பட்ட இரவுகளில் அங்கே வந்து, அவர் உண்மையிலேயே அங்கே தூங்குகிறாரா என்று பார்த்துப் பதிவு செய்ய வேண்டும், முகவரி ஆவணம் கேட்கக் கூடாது. ஆளைத் தேடி இரவில் வரும் ஒரே அரசுப் படிவம் எனக்குத் தெரிந்து இதுதான். வாக்காளர் அட்டை கையில் வந்தால் மற்றக் கதவுகளைத் தட்டலாம்.

2011 கணக்கெடுப்பில் தில்லியில் வீடற்றவர்கள் 46,724 பேர். அந்த இரவில் கண்ணில் பட்டவர்கள் அவ்வளவு என்று வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: ஆட்டோ ஓட்டுகிறேன். தில்லியில் சொந்த வீடு இல்லை. சேலம் பக்கம் கிராமத்தில் அப்பா பெயரில் ஓட்டு வீடு இருக்கிறது. பிரதமர் வீட்டுத் திட்டத்தில் எனக்கு மானியம் கிடைக்குமா?
— ஒரு வாசகர், இந்தர்புரி

பதில்: அப்பா பெயரில் இருப்பது தடையல்ல. அந்தத் திட்டத்தில் குடும்பம் என்றால் கணவன், மனைவி, மணமாகாத பிள்ளைகள். இந்தியாவில் எங்கும் இவர்கள் பெயரில் கான்கிரீட் வீடு போன்ற நிலையான வீடு இருக்கக் கூடாது. மனைவிக்குப் பிறந்த வீட்டில் ஏதேனும் எழுதிவைத்திருக்கிறார்களா என்று மாமனாரிடம் பக்குவமாகக் கேட்டுக்கொள்ளுங்கள். பலர் விண்ணப்பம் போட்ட பிறகுதான் விழிக்கிறார்கள். 2024 செப்டம்பரில் தொடங்கிய இரண்டாம் கட்டத்தில் ஆண்டு வருமானம் 9 லட்சம் வரை வட்டி மானியம் உண்டு. வீட்டின் மதிப்பு 35 லட்சத்துக்குள், கடன் 25 லட்சத்துக்குள் இருக்க வேண்டும். மானியம் அதிகபட்சம் 1,80,000 ரூபாய், தவணை தவணையாகக் கடன் கணக்கில்தான் சேரும். கையில் வராது. ‘முதலில் ஐயாயிரம் கட்டுங்கள், மானியம் கையில் தருகிறேன்’ என்பவனை ஆட்டோவில் ஏற்றாதீர்கள்.

கேள்வி: நரேலாவில் குடிசை மாற்று ஃபிளாட் ஒன்றை ஒதுக்கீடு பெற்றவரே நான்கு லட்சத்துக்குத் தருகிறார். பவர் பத்திரம் போட்டுத் தருவதாகத் தரகர் சொல்கிறார். வாங்கலாமா?
— பெயர் வேண்டாம், மயூர் விஹார்

பதில்: வாங்கக் கூடாது. விற்பவருக்கே அது இன்னும் முழுச் சொந்தமில்லை. சோதனைக்கு வந்தால் ஒதுக்கீடு ரத்தாகும், நீங்கள் வெளியே நிற்பீர்கள். பவர் பத்திரத்தால் வீட்டு உரிமை மாறாது என்று உச்ச நீதிமன்றம் 2011 அக்டோபரிலேயே சொல்லியாயிற்று. அப்படி விற்பவர்மீதும் எனக்குக் கோபமில்லை. வேலை ஒரு மூலையிலும் வீடு ஒரு மூலையிலும் இருந்தால் அவர் வேறென்ன செய்வார்? ஆனால் உங்கள் நான்கு லட்சம் அதற்குப் பரிகாரம் அல்ல. முன்பணம் கொடுத்துவிட்டீர்களென்றால், தரகர் கையெழுத்திட்ட ரசீதோடு இந்த வாரமே ஒரு வக்கீலைப் பாருங்கள். ரசீது வாங்கவில்லையென்றால், பணத்தைத் திரும்பக் கேட்டு அவருக்கு வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி அனுப்பி, அவர் எழுதும் பதிலை அழிக்காமல் வைத்திருங்கள்.